வில்ஃபின் கோழிக்கூடு

எழுபத்து நாலு, ஏப்ரல் முதல் தேதி.
முட்டாள்கள் தினம் என்று
யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.
மழையில் லாரியை நிறுத்தி
நானும் வில்ஃப் ஸ்டேதர்ஸும்
யார்க்‌ஷயரின் கிழக்கு ரைடிங்கைக் கழற்றினோம்.

நான்கு போல்ட்.
மூன்று சொன்ன பேச்சைக் கேட்டன.
நான்காவது துருவேறி
ஆயிரம் வருஷத்தை இறுகப் பிடித்திருந்தது.
பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயை
அதன் தலையில் ஊற்றினான் வில்ஃப்.

ரைடிங் என்றால் குதிரைச் சவாரி இல்லை.
கடல் தாண்டி வந்த டேனியர் வாயில்
மூன்றில் ஒரு பங்கு.
வடக்கு, கிழக்கு, மேற்கு என்று
பாகம் பிரித்தபோது
தெற்கு ஊரில் இல்லை போலும்.

புதுப் பலகையில் ஹம்பர்சைட்.
ஆற்றின் பெயரை எடுத்து
இரண்டு கரைக்கும் பூசியிருந்தார்கள்.
அக்கரையில் லிங்கன்ஷயர்க்காரர்கள், இக்கரையில் நாங்கள்.
கேட்காமல் முடித்துவைத்த கல்யாணம்.
மோதிரம் மாற்றியாயிற்று,
பாலம் வர ஏழு வருஷம்.
அதுவரை பெண்ணும் மாப்பிள்ளையும்
சேற்றில் தரைதட்டும் படகேறிப் போய்
ஒருவரை ஒருவர் முறைத்துவிட்டு வந்தார்கள்.

கழற்றிய பலகைகள் கிடங்குக்கு என்று உத்தரவு.
ஒன்று மட்டும் வந்துசேரவில்லை.
அந்த வசந்தத்தில்
வில்ஃபின் கோழிக்கூடு ஒழுகிக்கொண்டிருந்தது.
எழுத்துகள் உள்பக்கமாக, தலைகீழாக.
கோழிகள் மட்டுமே வாசிக்கும்படி
இருபத்திரண்டு வருஷம்
ஒரு கவுண்டி அங்கே கலையாமல் இருந்தது.
மக்கள்தொகை பதினொன்று.
நரி வந்த வருஷம் நாலு.

ஆட்ரி ஸ்டேதர்ஸ் கடித உறைகளில்
பழைய பெயரையே எழுதினாள்.
எல்லாம் போய்ச் சேர்ந்தன,
தபால்காரனும் அதே கட்சி.

மகள் ஜானிஸ் பிறந்தது எழுபத்தெட்டில்.
அவளுக்கு ஹம்பர்சைட் வசவுச் சொல் இல்லை.
நெட்பால் சட்டையின் முதுகில் இருந்த சொல்.
வில்ஃப் அதைக் கொடியில் காயப்போடும்போது
எழுத்து சுவரைப் பார்க்கும்படி போடுவான்.
அவள் வந்து திருப்பிப் போடுவாள்.
அந்த வீட்டில் இதைப் பற்றி
வேறு பேச்சுவார்த்தை நடந்ததாகத் தெரியவில்லை.

தொண்ணூற்றாறு. மறுபடியும் ஏப்ரல் ஒன்று.
மறுபடியும் நான், வில்ஃப், வேறொரு லாரி.
இந்தமுறை நான்கு போல்ட்டும்
வெண்ணெயில் இருந்து வருவதுபோல் வந்தன.
"வேரே பிடிக்கலை, பார்த்தியா" என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை.
வருஷம் தவறாமல் அவற்றுக்கு
கிரீஸ் வைத்தவன் நான்.
என் சம்பளச் சீட்டில் இருந்த பெயர் அது.
என் வீட்டுக் கடனை அடைத்த பெயர்.
வில்ஃபிடம் இதைச் சொல்ல முடியுமா?

மறுநாள் அவன் கூரையைப் பிரித்து
எச்சம் சுரண்டி, சோப்புப் போட்டு,
தோளில் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனான்.
பிக்கர்ஸ்கில் என்ற இளம் அதிகாரி
அளவுநாடா வைத்துப் பார்த்தார்.
எழுத்து மூன்று அங்குலம் குறைவு,
இரவில் ஒளிராத பூச்சு.
"தவிரவும், மிஸ்டர் ஸ்டேதர்ஸ், இது அந்த ரைடிங் இல்லை."

உண்மைதான்.
ஹல் நகரம் தனிக்குடித்தனம் போய்விட்டது.
ஃபைலி வடக்கோடு போனது.
மேற்கில் பிறந்த கூல் இப்போது எங்கள் வீட்டில்.
பெயர் அதேதான். திரும்பி வந்தது வேறு ஆள்.

வில்ஃப் பலகையோடு வீட்டுக்கு நடந்தான்.
கோழிகள் நாள் முழுக்க நனைந்திருந்தன.

போன மாதம் ஜானிஸ் என் கராஜுக்கு வந்தாள்.
ஏதோ விண்ணப்பத்தில்
பிறந்த கவுண்டி என்ற கட்டத்தில் தட்டினாளாம்,
அப்படி ஓர் இடம் இல்லை என்றதாம் கணினி.
சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.
பிறகு, தார்ப்பாயின் கீழே நீட்டிக்கொண்டிருந்த
பச்சை மூலையைப் பார்த்துவிட்டாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"
"தெரியாது."

அவளுக்கு நாலாம் மாடியில் ஃபிளாட்,
தோட்டமில்லை, கோழியில்லை.
எங்கே மாட்டுவாய் என்றேன்.
கட்டிலுக்கடியில் என்றாள்.

போல்ட் நான்கையும்
செய்தித்தாளில் பொதிந்து கொடுத்தேன்.
கை பத்திரம், இன்னும் கிரீஸ் இருக்கிறது.